ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குள் நுழைவது எப்படி? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்திலிருந்து வரும் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மாதிரிகளைப் பார்க்கும் நுண்ணுயிரியல் லேபில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒன்று, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர்களும் மைக்ரோபயாலஜி படிக்கும் பிள்ளைகளும் கேட்பது வேறொன்று. ஆனால் பாதிக் கேள்விகளுக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: மருந்து கிருமிக்குள் எப்படிப் போகிறது, சில சமயம் ஏன் போக முடிவதில்லை? அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எந்த மருந்து சாப்பிடலாம் என்று சொல்வதற்கான பக்கம் இல்லை இது. அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'கிராம் நெகட்டிவ்' என்று போட்டிருக்கிறது. நெகட்டிவ் என்றால் கிருமி இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. கிருமி இருக்கிறது, அது எந்த வகை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் ஒரு சாயமேற்றும் முறையை வெளியிட்டார். இன்றைக்கும் எங்கள் மேஜையில் தினமும் நடப்பது அதுதான். ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியா கிராம் பாசிட்டிவ். ஊதாவை விட்டுவிட்டு, அடுத்து ஊற்றும் சாயத்தில் இளஞ்சிவப்பாக மாறுவது கிராம் நெகட்டிவ்.

இந்த நிற வேறுபாட்டுக்குப் பின்னால் உடல் அமைப்பு வேறுபாடு இருக்கிறது. கிராம் பாசிட்டிவ் வகையின் செல்சுவர் தடிமனானது, ஆனால் அதற்கு வெளியே சவ்வு எதுவும் கிடையாது. கிராம் நெகட்டிவ் வகைக்கு செல்சுவர் மெலிசு. ஆனால் அந்தச் சுவருக்கும் வெளியே இன்னொரு சவ்வு போர்த்தியிருக்கிறது. ஈ கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், டைஃபாய்டு கிருமி, காலரா கிருமி எல்லாமே இந்த வகை. நம் பகுதியில் சிறுநீர்த் தொற்று என்று வரும் மாதிரிகளில் அதிகம் தென்படுவதும் ஈ கோலைதான்.

அந்த வெளிச்சவ்வு மருந்தை ஏன் தடுக்கிறது? சாதாரணக் கொழுப்புச் சவ்வுதானே?

சாதாரணச் சவ்வு இல்லை. நம் செல்களின் சவ்வில் இரண்டு அடுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கொழுப்பால் ஆனவை. இங்கே உள்ளடுக்கு பாஸ்போலிப்பிடு, வெளியடுக்கோ லிப்போபாலிசாக்கரைடு. கீழே கொழுப்பு வால்கள், மேலே நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளத்தான் வேண்டும். மக்னீசியம், கால்சியம் அயனிகள் நடுவில் புகுந்து அவற்றைப் பிணைத்து வைக்கின்றன.

இதனால் இரண்டு பக்கமும் அடைபடுகிறது. நீரில் கரையும் மருந்து கொழுப்புப் பகுதியைக் கடக்க முடியாது. கொழுப்பில் கரையும் மருந்தோ, இறுக்கமாக அடுக்கப்பட்ட அந்த வெளியடுக்கில் மிக மெதுவாகத்தான் ஊடுருவும். பாக்டீரியா உலகில் இதைவிடச் சாமர்த்தியமான அமைப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் எந்த மருந்துமே உள்ளே போகக் கூடாதே?

போகிறது, ஏனென்றால் பாக்டீரியாவும் சாப்பிட வேண்டும். சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு எல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். அதற்காக வெளிச்சவ்வு முழுக்க புரதத்தால் ஆன துளைகளைப் பதித்து வைத்திருக்கிறது. போரின் என்று அவற்றுக்குப் பெயர். ஒரு ஈ கோலை செல்லில் இவை லட்சம் என்ற அளவில் இருக்கின்றன. செல்லின் நீளமோ வெறும் 2 மைக்ரோமீட்டர் அளவுதான்.

ஈ கோலையின் முக்கியமான போரின்கள் இரண்டு: ஓஎம்பிஎஃப், ஓஎம்பிசி. ஒவ்வொன்றும் புரத இழைகள் 16 சேர்ந்து வட்டமாகச் சுற்றி நிற்கும் பீப்பாய். அப்படி மூன்று பீப்பாய்கள் ஒன்றாக ஒட்டி ஒரு தொகுப்பு. ஒவ்வொரு பீப்பாய்க்குள்ளும் தனித்தனியாக நீர் நிறைந்த பாதை. நாம் விழுங்கும் அமாக்சிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின், ஊசியில் ஏற்றும் மெரோபெனம் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பாதை வழியாகத்தான் உள்ளே செல்கின்றன. மருந்துக்கென்று எந்தப் பாக்டீரியாவும் வழி அமைக்கவில்லை. உணவு வரும் வழியில் மருந்தும் கலந்து வருகிறது.

எவ்வளவு சின்ன மூலக்கூறாக இருந்தால் போகும்? அளவு மட்டும்தானா?

அளவில் இருந்து தொடங்கலாம். பொதுவான போரின்கள் சுமார் 600 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள மூலக்கூறுகளை அனுமதிக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் 331, அமாக்சிசிலின் 365, மெரோபெனம் 383. இவை போகும். வான்கோமைசின் சுமார் 1450. அதற்கு இந்தத் துளையில் இடமே இல்லை. கிராம் பாசிட்டிவ் தொற்றுக்குக் கைகொடுக்கும் அந்த மருந்து ஈ கோலைக்குப் பயன்படாததற்கு முதல் காரணம் இதுதான்.

காசிமேட்டில் வலை பின்னுகிறவரைக் கேட்டால், கண்ணின் அளவை வைத்தே எந்த மீன் நிற்கும், எது நழுவும் என்று சொல்லிவிடுவார். போரினில் அந்தக் கணக்கு பாதி தூரம்தான் வரும். பெனிசிலின் ஜி என்ற பழைய பெனிசிலினின் எடை 334. ஆம்பிசிலின் அதைவிடக் கொஞ்சம் பெரியது, 349. ஆனால் ஈ கோலைக்குள் எளிதாகப் போவது பெரியதான ஆம்பிசிலின்தான்! 1961-இல் ஆம்பிசிலின் சந்தைக்கு வந்தபோது, பெனிசிலின் குடும்பம் கிராம் நெகட்டிவ் கிருமிகள் பலவற்றின் மீதும் வேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசம் ஓர் அமினோ தொகுதி மட்டுமே.

அந்த ஒரு தொகுதி ஏன் இவ்வளவு செய்கிறது என்பதற்கு, பீப்பாயின் நடுவே பார்க்க வேண்டும். பீப்பாய் முழுக்க ஒரே அகலம் கிடையாது. மேலேயிருந்து ஒரு புரத வளையம் உள்பக்கமாக மடிந்து, பாதையை நடுவில் குறுக்குகிறது. ஓஎம்பிஎஃப்பில் அந்தக் குறுகிய இடம் ஏறத்தாழ 0.7 நானோமீட்டருக்கு 1.1 நானோமீட்டர். அங்கே ஒரு பக்கச் சுவரில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வரிசையாக நேர்மின்னூட்டத்துடன் நிற்கின்றன. எதிர்ச்சுவரில் ஆஸ்பார்ட்டிக், குளூட்டமிக் அமிலங்கள் எதிர்மின்னூட்டத்துடன் நிற்கின்றன. ஆகவே பாதைக்குக் குறுக்கே வலுவான மின்புலம் ஒன்று உருவாகிறது.

நேர், எதிர் இரண்டு மின்னூட்டமும் கொண்ட மூலக்கூறு அந்த இடத்துக்கு வந்ததும், தன் நேர்முனையை ஒரு பக்கமும் எதிர்முனையை மறுபக்கமும் திருப்பிச் சாய்ந்துகொண்டு கடந்துவிடும். ஆம்பிசிலினுக்கு இரண்டும் உண்டு. பெனிசிலின் ஜி-க்கு எதிர்மின்னூட்டம் மட்டுமே. ஓஎம்பிஎஃப் இயல்பாகவே நேர் அயனிகளுக்குக் கொஞ்சம் சாதகமான துளை என்பதால், எதிர்மின்னூட்டம் கூடக் கூட வேகம் குறையும். அளவு, மின்னூட்டம், வடிவம் மூன்றும் ஒத்துவர வேண்டும். மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: மருந்தின் அமைப்புப் படத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், மின்னூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத துளையில் இதெல்லாம் நடப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1970-களில் தாய்ஜி நகாயே, ஹிரோஷி நிக்கைடோ ஆகியோரின் ஆய்வுகளில்தான் இந்தப் புரதங்கள் துளைகள் என்பது தெளிவானது. பாக்டீரியாவிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து, செயற்கைக் கொழுப்புக் குமிழிகளில் பதித்து, எந்தச் சர்க்கரை கசிகிறது, எது கசியவில்லை என்று பார்த்தார்கள். பிறகு நிக்கைடோ அமெரிக்காவின் பெர்க்லியில், குமிழிகள் எவ்வளவு வேகமாக வீங்குகின்றன என்பதை வைத்து ஒவ்வொரு மருந்தின் வேகத்தையும் அளந்தார். கரைபொருள் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும், குமிழி வீங்கும். அவ்வளவு எளிய யோசனை அது. 1992-இல் ஓஎம்பிஎஃப்பின் முழு அமைப்பும் எக்ஸ்-கதிர் மூலம் வெளிவந்தது. குறுகிய இடமும் எதிரெதிர் மின்னூட்டங்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு பரிசோதனை. கொழுப்புப் படலம் ஒன்றில் ஒரே ஒரு போரின் தொகுப்பை மட்டும் பதித்து, இரண்டு பக்கமும் உப்பு நீர் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அயனிகள் துளை வழியே ஓடுவதால் சீரான மின்னோட்டம் கிடைக்கும். ஆம்பிசிலினைச் சேர்த்ததும் மின்னோட்டம் சட்டென்று ஒரு படி இறங்கி மறுபடி ஏறும். ஒரு மூலக்கூறு துளைக்குள் புகுந்து நின்றிருக்கிறது! தனித்தனி ஆம்பிசிலின் மூலக்கூறுகளை இப்படிப் பிடித்துக் காட்டிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது.

வெளிச்சவ்வைத் தாண்டிவிட்டால் மருந்தின் வேலை முடிந்ததா?

மருந்தைப் பொறுத்தது. பெனிசிலின், செஃபலோஸ்போரின், கார்பாபெனம் (மெரோபெனம் போன்றவை) குடும்பங்கள் தாக்குவது செல்சுவரைக் கட்டும் புரதங்களை. அவை வெளிச்சவ்வுக்கும், செல்சுவருக்கு உள்ளே இருக்கும் செல்சவ்வுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நோக்கியே இருப்பதால், வெளிச்சவ்வைக் கடந்தால் போதும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இன்னும் ஒரு சவ்வு பாக்கி. அது தாக்கும் நொதி டிஎன்ஏ-வோடு செல்லின் நடுவில் இருக்கிறது.

அம்மாவுக்கு எடுத்த ரிப்போர்ட்டில் எர்டாபெனம் 'ஆர்', மெரோபெனம் 'எஸ்' என்று இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்ப மருந்து என்கிறார்கள். லேபில் தப்பு நடந்திருக்குமா?

தப்பாக இருக்க வேண்டியதில்லை. கிளெப்சியெல்லா, ஈ கோலை, என்டரோபாக்டர் கிருமிகளில் இப்படி வருவதுண்டு. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், 'ஆர்' என்றால் எதிர்த்து நிற்கும். இந்த ரிப்போர்ட் துளையின் கதையையே சொல்கிறது.

கிளெப்சியெல்லாவின் இரண்டு முக்கிய போரின்கள் ஓஎம்பிகே35, ஓஎம்பிகே36. இவற்றை உருவாக்கும் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு ஒன்றோ இரண்டோ இல்லாமல் போனால், மருந்து உள்ளே வரும் வேகம் குறைகிறது. வேகம் குறைகிறது, அவ்வளவுதான், முழுவதும் நின்றுவிடுவதில்லை. நிக்கைடோவின் கணக்குப்படி, போரின்கள் ஒழுங்காக இருக்கும் ஈ கோலையில் பல பெனிசிலின் வகை மருந்துகள் சில நொடிகளுக்குள்ளேயே உள்ளும் வெளியும் சமநிலைக்கு வந்துவிடும். கிருமி ஒருமுறை இரட்டிக்கவே 20 நிமிடமாவது ஆகும் என்னும்போது, நொடிகள் நிமிடங்களாக நீண்டால்கூட மருந்து கடைசியில் வந்து சேரத்தானே செய்யும்? ஆக, துளையை மட்டும் அடைத்துக் கிருமி தப்பிக்க முடியாது.

உள்ளே இன்னொன்று காத்திருந்தால் கதை மாறுகிறது. இடைவெளியில் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதிகள் மருந்தை உடைக்கின்றன. மருந்து வெள்ளமாக வந்தால் நொதியால் சமாளிக்க முடியாது. சொட்டுச் சொட்டாக வந்தால், பலவீனமான நொதிகூட வந்ததையெல்லாம் உடைத்துத் தீர்த்துவிடும். எர்டாபெனம் மெரோபெனத்தைவிடக் கனமானது, எதிர்மின்னூட்டமும் அதற்கு அதிகம். போரின் குறைந்ததும் முதலில் அடிபடுவது அதுதான். மெரோபெனம் தாக்குப்பிடிக்கிறது. மருத்துவரிடம் இந்த ரிப்போர்ட்டை அப்படியே காட்டுங்கள். 'எஸ்' இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாத ரிப்போர்ட் இது, அடுத்த படியில் மெரோபெனமும் போகக்கூடும்.

இதைவிட நுட்பமான வேலையும் கிளெப்சியெல்லாவுக்குத் தெரியும். ஓஎம்பிகே36-ஐ முழுவதும் தொலைக்காமல், நடுவில் மடிந்திருக்கும் அந்த வளையத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் செருகிக்கொள்ளும் வகைகள் இருக்கின்றன. துளை இன்னும் குறுகும். உணவு வரும், மருந்துதான் திணறும். 2019-இல் இதன் அமைப்பை வெளியிட்டார்கள்.

போரினை இழந்தால் பாக்டீரியாவே பட்டினி கிடக்காதா?

கிடக்கும். அதனால்தான் எல்லாக் கிருமியும் போரினைத் தொலைத்துவிட்டுத் திரிவதில்லை. மருந்து இல்லாத இடத்தில் போரின் இல்லாத கிருமி மற்றவற்றோடு போட்டி போட முடியாமல் பின்தங்குகிறது. மருந்து இருக்கும் இடத்தில் மட்டும் அதற்கு லாபம். சிகிச்சையின்போது போரின் மறைந்து, மருந்தை நிறுத்தியதும் மீண்டும் தோன்றிய நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன.

இழக்காமலேயே குறைத்துக்கொள்ளவும் முடியும். உப்புச் செறிவு கூடிய இடத்தில் ஈ கோலை அகலமான ஓஎம்பிஎஃப்பைக் குறைத்து, சற்றே குறுகிய ஓஎம்பிசி-யைப் பெருக்குகிறது. நம் குடலுக்குள் அது இருக்கும் நிலை இதுதான். பித்த உப்புகள் உள்ளே புகாமல் இருக்க அது செய்யும் ஏற்பாடு.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். சூடோமோனாஸ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவான மருந்துகள்?

சூடோமோனாஸுக்கு ஓஎம்பிஎஃப் மாதிரி தாராளமான பொதுத் துளையே கிடையாது. அதனிடம் நிறைய இருக்கும் ஓபிஆர்எஃப் என்ற புரதம் பெரும்பாலும் மூடிய வடிவத்திலேயே இருக்கிறது. மற்றவை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில உணவுப் பொருட்களுக்கான தனிப் பாதைகள். வெளிச்சவ்வின் ஊடுருவல் ஈ கோலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கூடவே, வந்த மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும் பம்புகளும் இருக்கின்றன. மெதுவாக வருவதை வேகமாகத் தள்ளிவிடுவது அதற்குச் சுலபம்.

ஓபிஆர்டி என்ற பாதை ஆர்ஜினின், லைசின் அமினோ அமிலங்களுக்கானது. இமிபெனம் என்ற மருந்து அந்தப் பாதையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே ஓபிஆர்டி-யை இழந்த சூடோமோனாஸுக்கு இமிபெனம் 'ஆர்' என்றும் மெரோபெனம் 'எஸ்' என்றும் வரலாம். முந்தைய கேள்வியில் எர்டாபெனத்துக்கு நடந்ததை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எர்டாபெனம் சூடோமோனாஸ் மீது இயல்பாகவே வேலை செய்யாது.

புண்ணுக்கு மருந்து மட்டும் போதாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், இறந்த திசுவை அகற்றிச் சுத்தம் செய்வதும் சரிபாதி வேலை. இரத்த ஓட்டமே இல்லாத இடத்துக்கு மருந்து போய்ச் சேராது, அதன் பிறகுதான் கிருமியின் சவ்வே வருகிறது.

'பவர் கூடின மாத்திரை கொடுங்க' என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சீக்கிரம் குணமாகாதா?

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் கேள்வி இது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீர்க் கடுப்பு எதுவானாலும் 'இது கேட்கலை, இதுக்கு மேல பவரா ஒண்ணு' என்று கேட்டு வாங்குவதை நம் தெருக்களில் தினமும் பார்க்கலாம். பவர் என்று ஒரு வரிசை கிடையாது. வான்கோமைசின் மருத்துவமனையில் வைத்துக் கொடுக்கும் மருந்து, ஆனால் ஈ கோலைக்குள் அது நுழையவே நுழையாது. சாதாரண நைட்ரோஃபுராண்டாயின் எடை வெறும் 238. எளிய சிறுநீர்ப்பைத் தொற்றில் இன்றும் பல ஈ கோலைகளை அது அடக்குகிறது. கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கிருமிக்குள் இந்த மருந்து போகுமா, போனால் உடையாமல் நிற்குமா என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது கல்ச்சர்.

தேவையில்லாமல் கார்பாபெனமும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினும் உடம்புக்குள் போகும் ஒவ்வொரு முறையும், போரின் குறைந்த கிருமிகளுக்கு மற்றவற்றை அழித்து இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம். இந்த மருந்துகள் எச்1 என்ற சட்டப் பட்டியலில் 2014 மார்ச் 1 முதல் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறார். காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டால் போதாதா?

போரின் வழியே மருந்தை யாரும் தள்ளுவதில்லை. வெளியே செறிவு அதிகம், உள்ளே குறைவு என்ற வித்தியாசம் மட்டுமே அதை நகர்த்துகிறது. இரத்தத்தில் மருந்து குறைந்தால் கிருமிக்குள் போவதும் அதே விகிதத்தில் குறையும். அமாக்சிசிலினின் அளவு சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெனிசிலின் குடும்பத்தில், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தேவையான அளவுக்கு மேல் மருந்து இருந்தது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. காலை 9, மதியம் 1, இரவு 9 என்று போட்டால் இரவு முழுக்க 12 மணி நேரம் இடைவெளி விழுகிறது. முடிந்தவரை சமமாகப் பிரித்துப் போடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மெரோபெனத்தை மூன்று மணி நேரம் மெதுவாக ஏற்றுவதும் இதே கணக்கில்தான்.

சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடும் அன்டாசிட் சிரப்போடும் சேர்க்காதீர்கள். கால்சியமும் மக்னீசியமும் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும்.

அசித்ரோமைசின் 600 டால்டனுக்கு மேல் என்று படித்தேன். டைஃபாய்டுக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்?

நல்ல கேள்வி, ஒரு மருத்துவ மாணவி கேட்டது. அசித்ரோமைசினின் எடை 749. போரினுக்குப் பெரியதுதான். ஆனால் அதில் நேர்மின்னூட்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வெளியடுக்கைப் பிணைத்து நிற்கும் மக்னீசியத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டு, சவ்வைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த வழியாக ஊடுருவுகிறது. அதே குடும்பத்து எரித்ரோமைசினுக்கு ஒரு நேர்மின்னூட்டம்தான், கிராம் நெகட்டிவில் அது சோடை போகிறது.

இதையே முரட்டுத்தனமாகச் செய்வது கோலிஸ்டின். மக்னீசியம், கால்சியத்தைப் பிடுங்கிவிட்டு சவ்வையே குலைக்கிறது. போரின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை, அதனால்தான் கடைசிக் கட்ட மருந்தாக வைத்திருக்கிறார்கள். சிறுநீரகத்துக்கு ஆபத்தானது என்பதால் கவனமாகத்தான் கொடுப்பார்கள். கோழி, கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது. மிகத் தேவையான தடை.

டைஃபாய்டு பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர் டைஃபாய்டு கிருமிகள் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியாததற்கு முக்கியக் காரணம் போரின் அல்ல, மருந்து தாக்கும் நொதியிலேயே ஏற்பட்ட மாற்றம். எல்லா எதிர்ப்பையும் துளையின் தலையில் கட்டக் கூடாது.

தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் காலரா கிருமிக்கும் போரின் உண்டா?

உண்டு. ஓஎம்பியு, ஓஎம்பிடி என்று இரண்டு. குடலில் பித்தத்தைச் சந்திக்கும்போது ஓஎம்பியு-வைப் பெருக்கி, ஓஎம்பிடி-யைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் காலராவில் உயிரைக் காப்பது முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல்தான். ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகு.

டிபி கிருமிக்கும் இதே கணக்கா?

இல்லை. டிபி கிருமிக்கு மைக்கோலிக் அமிலம் என்ற நீளமான கொழுப்பால் ஆன, முற்றிலும் வேறான வெளிச்சவ்வு. ஈ கோலையின் போரின்கள் அதில் கிடையாது. ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் உள்ளதை வைத்துத் தங்கள் மாத்திரைகளைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

என்டிஎம் என்று ஒன்று சென்னையில் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கார்பாபெனத்தையே உடைக்கும் நொதி அது. 2008-இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் எடுத்த கிருமியில் முதலில் அடையாளம் கண்டார்கள். 2010-இல் வெளிவந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமிகளில் அந்த நொதி இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. நொதிக்கு நியூ டெல்லியின் பெயரை வைத்ததால் எழுந்த சர்ச்சை பெரிது. என்னைக் கேட்டால், நம் மருத்துவமனைகளில் உள்ளதை நம் ஊர்க்காரர் நேர்மையாக எண்ணிச் சொன்னது பெருமைக்குரிய வேலை. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டதும் அந்தச் சூழலில்தான்.

போரினோடு தொடர்பு இங்கே இருக்கிறது: இந்த நொதி வெளிச்சவ்வின் உள்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. துளையைத் தாண்டி வரும் மருந்து முதலில் சந்திப்பதே அதைத்தான். அதோடு போரினும் குறைந்தால் மருந்துக்கு வாய்ப்பே இல்லை.

துளை அடைபட்ட கிருமிக்கு ஏதாவது புது மருந்து வருகிறதா?

வந்துகொண்டிருக்கிறது. பாக்டீரியாவுக்கு இரும்புச் சத்து கட்டாயம் வேண்டும், அதை இழுத்துக்கொள்ளத் தனிப் புரதங்கள் வைத்திருக்கிறது. செஃபிடரோகால் என்ற மருந்தில் இரும்பைப் பிடிக்கும் பகுதி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இரும்போடு சேர்ந்து அதையும் கிருமியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. எடை சுமார் 750 என்றாலும் போகிறது. அமெரிக்காவில் 2019-இல் அனுமதி கிடைத்தது. அந்த இரும்பு வழியையும் மாற்றிக்கொண்டு தப்பிக்கும் கிருமிகள் ஏற்கெனவே தென்பட்டிருக்கின்றன.

2017-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ரோதர் குழு, எந்த மாதிரி மூலக்கூறு ஈ கோலைக்குள் தங்கும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்து விதிகளை வகுத்தது. ஓர் அமினோ தொகுதி இருக்க வேண்டும், மூலக்கூறு அதிகம் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும், உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். ஆம்பிசிலினில் தற்செயலாகக் கிடைத்த பாடத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தும் முயற்சி இது. 2019-இல் அறிவிக்கப்பட்ட டாரோபாக்டின் உள்ளே நுழையவே தேவையில்லாத சேர்மம். போரின்களைச் சவ்வில் பதிக்கும் புரத எந்திரத்தையே வெளியிலிருந்து முடக்குகிறது. மருந்தாக இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

எங்கள் கிருமியில் போரின் இருக்கிறதா என்று உங்கள் லேபில் டெஸ்ட் செய்து தருவீர்களா?

வழக்கமான லேபில் அது முடியாது. நாங்கள் செய்வது, கிருமியை ஊடகத் தட்டில் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட்டு, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது. மருந்து வென்றதா தோற்றதா என்பது தெரியும், எப்படித் தோற்றது என்பது தெரியாது. எர்டாபெனம், இமிபெனம், மெரோபெனம் வரிசையைப் பார்த்து ஊகிக்கலாம். உறுதிப்படுத்த வெளிச்சவ்வுப் புரதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அல்லது மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அது ஆராய்ச்சி மையங்களின் வேலை.

உங்கள் பக்கத்திலிருந்து எங்களுக்குத் தேவை ஒன்றுதான்: ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்பே மாதிரியைக் கொடுங்கள். சிறுநீர் என்றால் முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை மூடி போட்ட சுத்தமான டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வந்துவிடுங்கள். வெயிலில் வைத்திருந்தால் அதிலேயே கிருமி பெருகி ரிப்போர்ட் தப்பாகிவிடும். தாமதமாகும் என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை போட்டிருந்தால், அதன் அட்டையையும் எடுத்து வாருங்கள்.